காருக்கு அடியில் நீ பார்த்தது

தம்பி,

நேற்று சாயங்காலம் தேரடிப் பக்கம் போயிருந்தேன். ஒரு மண்டபத்து வாசலில் கல்யாணக் காருக்குப் பூ ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கேயோ ஓடிவிட்டு வந்த வண்டி, பானெட் சூடு ஆறவில்லை. அந்தச் சூட்டில் சம்பங்கி வதங்கி, பெட்ரோலோடு கலந்து ஒரு வாசனை வரும். மற்றவர்களுக்கு அது கல்யாண வாசனை. எனக்கு அது, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீ நடுரோட்டில் மல்லாந்து படுத்த சாயங்காலத்தின் வாசனை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ போய் இரண்டு ஆடி கழிந்துவிட்டது. போனவர்களைக் குறை சொல்லக் கூடாது என்கிறார்கள். இருப்பவர்களைச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். போனவர்களையும் சொல்லக் கூடாதென்றால் நான் யாரைத்தான் சொல்வது? அதனால் உன்னைச் சொல்கிறேன். என் மகள் கஸ்தூரியின் கல்யாணத்துக்கு முந்தின நாள், மாப்பிள்ளை வந்த காருக்கு அடியில் நீ என்ன பார்த்தாய்? பொங்கலுக்குப் பொங்கல் கேட்டேன். நெஞ்சுவலி வந்து நீ பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே கேட்டேன். "பாத்தத சொல்ட்டேன் யக்கா, உட்டுடு" என்றாய். நீ பார்த்ததைச் சொல்லவில்லை என்று எனக்கு முதல் நாளே சந்தேகம். சந்தேகப்படுவது வேறு, கையில் கிடைப்பது வேறு. நேற்று விளக்கு வைத்த பிறகு அது கையில் கிடைத்தது. கொடுத்தது நீ இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குத் தெரியாத கதையா என்று கேட்பாய். வரிசையாகச் சொன்னால்தான் யார் எந்த இடத்தில் எதை மறைத்தார்கள் என்று எனக்குப் பிடிபடும்.

அப்போது எண்ணூர் சாலையில், கடலுக்குக் கருங்கல் கொட்டியிருக்கும் இடத்துக்கு எதிரே என் இட்லிக் கடை. துறைமுகத்துக்குள் போக வேண்டிய டிரெய்லர்கள் அங்கேதான் வரிசை கட்டி நிற்கும். காலையில் வந்தவன் மறுநாள் காலையிலும் அதே இடத்தில் பல் தேய்ப்பான். வண்டி நகராது, வாய் மட்டும் நகரும். வேறு ஊர் டிரைவர்கள் சீட்டாடுவார்கள், சினிமா பேசுவார்கள். நீயும் உன் கூட்டாளிகளும் கார் பேசினீர்கள். சொந்தமாகச் சைக்கிளுக்கு மேல் எதுவும் வைத்திராதவர்கள், லட்சக்கணக்கில் விற்கிற காரைப் பற்றி ரத்தம் கொதிக்கப் பேசுவதை நான் அங்கேதான் பார்த்தேன்.

அந்தக் கார்களின் நிஜப் பெயர் என் வாயில் நுழையாது. நீங்கள் வைத்த பெயர்தான் எனக்குத் தெரியும். ஒரே வெளிநாட்டுக் கம்பெனி, இரண்டு கார். இரண்டும் டிக்கி வைத்தவை, பார்வைக்கு ஒரே நீளம். ஒன்று கப்பல் ஏஜெண்டுகளும் டாக்டர்களும் வாங்குவது. தோல் சீட்டு, உள்ளே மர வேலைப்பாடு, முன்னால் அகலமான வெள்ளி மூக்கு. அது ஜமீன். மற்றது டிராவல்ஸ்காரர்கள் ஓட்டுவது. துணி சீட்டு, சப்பை மூக்கு. அது குமாஸ்தா.

கப்பலில் கார் துண்டு துண்டாக மரப்பெட்டிகளில் வந்து இறங்கும். அந்தப் பெட்டிகளைப் பூந்தமல்லிக்கு அப்பால் இருந்த தொழிற்சாலைக்கு இழுத்துக்கொண்டு போவது உன் டிரெய்லர். ராயபுரத்து ஆரோக்கியம், துறைமுகத்திலிருந்து சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் டிரைவர், அந்த முதலாளியின் ஜமீனை ஓட்டுபவன். அவனுக்கும் உனக்கும்தான் வழக்கு.

"ரெண்டும் ஒண்ணுதான்டா. என்ஜின் பெட்டிய நான் ஏத்திகினு போறேன். ஒரே பெட்டி. அங்க போயி ரெண்டு காருக்கும் பிரிச்சு மாட்றான். மூஞ்சி வேற, சீட்டு வேற, பில்லு வேற."

"என்ஜின் ஒண்ணா இருக்கட்டும் மாமு. அடித்தட்டு ஒண்ணா? ஜமீனுக்குப் பின்சக்கரம் ரெண்டும் தனித்தனியா நிக்கும். ஒண்ணு பள்ளத்துல எறங்குனா இன்னொண்ணுக்குத் தெரியாது. குமாஸ்தாவுக்குக் குறுக்க ஒரே கட்டை. ஒண்ணு குலுங்குனா ரெண்டும் குலுங்கும். ஓட்டுறவனுக்குத்தான் தெரியும் அது."

"படுத்துப் பாத்தியா?"

"மொதலாளி வண்டிக்கு அடியில படுக்க நான் இன்னா நாயா?"

"அப்ப உனக்குத் தெரியாது. பெரிய வண்டி ஓட்றோம்னு உதார் உட்ற."

இதுதான் தினமும். அவன் தன் முதலாளி வண்டிக்கு அடியில் யாரையும் பார்க்க விடமாட்டான். நீ பார்க்காமலேயே வழக்கை விடமாட்டாய். ஒருநாள் என் மாவுச் சட்டியைக் காட்டி எனக்கே விளக்கம் சொன்னாய். "யக்கா, மாவு ஒண்ணுதான? தட்டுல ஊத்துனா இட்லி, கல்லுல ஊத்துனா தோசை. அது மாதிரிதான் ரெண்டு காரும்." ஆரோக்கியம் வாயில் சட்னியோடு சிரித்தான். "அப்ப சாதா தோசைய நெய் ரோஸ்ட்டுன்னு வித்தா வாங்குவியா?" நான் சொன்னேன்: "வித்தவன் கைய ஒடிப்பேன்." நீ அப்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாய். எனக்கு அது நினைவிருக்கிறது, உனக்கும் இருந்திருக்கும்.

தோற்றேன் என்ற சொல் உன் வாயில் வந்ததே இல்லை. சின்ன வயதில் மார்க்கெட்டுக்கு அனுப்பினால் விலை குறைந்த சீலா மீனை வாங்கி வந்து வஞ்சிரம் என்றாய். தின்று முடித்து முள்ளைக் கையில் வைத்துக்கொண்டும் வஞ்சிரம் என்றாய். நம் நைனா அடித்தார். அழுதுகொண்டே வஞ்சிரம் என்றாய். அப்படிப்பட்டவன் நீ. இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

நான் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. விம்கோ நகர் பக்கத்து ஃபாக்டரி ஒன்றில் மாப்பிள்ளை பர்மனென்ட் என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். போன பிறகு தெரிந்தது, டெம்பரவரி. கேட்டில் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. குடிக்கவில்லை, கை நீட்டவில்லை. ஆனால் சாப்பாட்டு டப்பா திறக்காமல் அவர் காலையிலேயே திரும்பி வந்த ஒவ்வொரு நாளும், தரகர் சொன்ன அந்த 'பர்மனென்ட்' என் காதில் விழுந்தது. நைனாவைக் கேட்டேன். "எனக்கு நிச்சயத்துக்கு அப்பால தெரிஞ்சிது. நல்ல பையன்தான, அதான் சொல்லல" என்றார். நல்லவன் என்பதும் நிஜம் என்பதும் ஒன்றில்லை. நைனா செத்த அன்றைக்கும் நான் அதை மறக்கவில்லை. அவர் போன கொஞ்ச வருஷத்தில் என் வீட்டுக்காரரும் போனார். அன்றைக்கு நான் ஒன்று முடிவு செய்தேன்: என் மகளைப் பொய் சொல்லுகிற வீட்டில் கொடுப்பதில்லை. ஏழை வீடு பரவாயில்லை, பொய் வீடு வேண்டாம். இதை உன்னிடமும் சொல்லியிருக்கிறேன்.

பெரம்பூரிலிருந்து அந்த வரன் வந்தபோதே நான் காதைத் தீட்டிக்கொண்டேன். மாப்பிள்ளையின் அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு ரயில் மாதிரி, நிற்காது. பையன் சொந்தக் கார் வைத்து டிராவல்ஸ் ஓட்டுகிறான் என்றார். எந்த கார் என்று நீ கேட்டாய். வேறு எந்த மாமன் கேட்பான் அதை? குடிக்கிறானா, கடன் இருக்கிறதா என்று கேட்க வேண்டிய இடத்தில் நீ காரைக் கேட்டாய். அவர் சொன்ன பெயரைக் கேட்டதும் உன் முகத்தில் பல்பு எரிந்தது. ஜமீன்.

"ஜமீன் வெச்சிகினு கீறவன் இட்லிக்காரி வூட்ல ஏன்டா பொண்ணு எடுக்கிறான்?" என்றேன், அவர்கள் போன பிறகு.

"உன் சட்னிக்கோசம்."

"நகை கேக்கல, சீர் கேக்கல. ஒண்ணுமே கேக்காதவன்கிட்டதான் நாம ரொம்ப கேக்கணும்."

"யக்கா, கேட்டா பேராசைன்னு சொல்ற, கேக்கலன்னா சந்தேகம்ன்ற. அந்த மனுசன் இன்னாதான் பண்ணுவாரு?"

நாம் பெரம்பூர் போனபோது கார் திருப்பதி சவாரி போயிருந்தது. நிச்சயத்துக்கு ஆட்டோவில் வந்தார்கள், கார் சர்வீசில் இருந்தது. நான் உன்னைப் பார்த்தேன். நீ வெற்றிலைத் தட்டைப் பார்த்தாய். பையன் மட்டும் அதிகம் பேசவில்லை. அப்பா பேசப் பேசத் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அடக்கம் என்றாள் கஸ்தூரி. குனிகிறவன் எதையோ மறைக்கிறான் என்றேன் நான்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. கோயிலிலிருந்து மண்டபத்துக்கு அவர்கள் காரிலேயே வருவோம் என்று சம்பந்தி பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். வந்தது. பானெட் முழுக்கச் சம்பங்கி, நடுவில் வெள்ளி மூக்கு பளபளக்கிறது. தாலி அறுத்தவள் முன்னால் வரக் கூடாதென்று என்னை மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். பின்னால் நின்றால் கண்ணுமா பின்னால் போய்விடும்? எல்லாவற்றையும் பார்த்தேன்.

பெண்ணின் தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து இறக்கினால்தான் மாப்பிள்ளை காரைவிட்டு இறங்கலாம், அதுதான் நம் வழக்கம். மாலை உன் கையில். பையன் உள்ளே. நீ ஓர் அடி வைத்தாய். அதற்குள் வெள்ளைச் சட்டையில் வந்திருந்த ஆரோக்கியம் காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து உன் தோளைத் தட்டினான்.

"மாமு, மாலை போடாத. தலை ஜமீன், வாலு குமாஸ்தா."

"இன்னாடா சொல்ற?"

"டிக்கியப் பாரு. வெள்ளிப் பட்டை கீதா? பட்டை இருந்த தடமாச்சும் கீதா? மூஞ்ச மாத்தி இஸ்துகினு வந்துகீறானுங்க."

சம்பந்தி முன்னால் வந்தார். "யாருய்யா நீ? இது ஸ்பெஷல் மாடல். இப்படித்தான் வரும்."

"டெய்லி அந்த வண்டியத் துடைக்கிறவன் நானு. என்கிட்டயே ஸ்பெஷலா?"

அவ்வளவுதான். கல்யாணத்துக்கு வந்திருந்த டிரெய்லர்காரர்கள் எல்லாரும் காரைச் சுற்றிக் குனிந்துவிட்டார்கள். ஒருவன் டிக்கியைத் தட்டிப் பார்க்கிறான், ஒருவன் பூவை விலக்கி மூக்கின் ஓரத்தைத் தடவுகிறான். பேண்டு வாசித்தவன்கூட டிரம்பெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பார்க்க வந்தான். ஆரத்தித் தட்டில் கற்பூரம் அணைந்துபோனது. உள்ளே பையன் வேர்த்து வழிந்துகொண்டு, இறங்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இருந்தான்.

கூட்டத்தில் ஒருவன் சத்தமாகச் சொன்னான். "ஜமீன் மூக்கு குமாஸ்தாவுல இவ்ளோ சோக்கா ஒக்காந்துகீதுன்னா, ரெண்டும் ஒரே அடித்தட்டுதான? அப்ப மாமு சொன்னதுதான் கரெக்டு. ஆரோக்கியம், நீ காலி."

உன் முகத்தை நான் அப்போது பார்த்தேன். வருஷக்கணக்கான வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. ஒரு கண் சிமிட்டும் நேரம் சிரிப்பு வந்தது உனக்கு. பிறகு தூணைப் பார்த்தாய். சிரிப்பு போய்விட்டது.

நான் வெளியே வந்தேன். யார் தடுத்தார்கள் என்று நினைவில்லை, தடுத்திருந்தால் அவர்கள்மீதும் கோபம் வைத்திருப்பேன். உன் எதிரில் நின்று சொன்னேன். "சொன்ன வண்டி இது இல்லன்னா இந்தக் கல்யாணம் இல்ல. வண்டியில பொய் சொல்றவன் எதுல சொல்ல மாட்டான்? நீ பாரு. உன் வாயால சொல்லு. நீ சொன்னா நான் கேக்குறேன்."

"அடியில பாரு மாமு," என்றான் ஆரோக்கியம். "குறுக்க கட்டை இருந்தா குமாஸ்தா. தனித்தனியா இருந்தா நான் வாயப் பொத்திக்கிறேன்."

மாலையை யாரிடம் கொடுப்பது என்று சுற்றிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தாய். தாலி அறுத்தவள் கையில் மாப்பிள்ளை மாலையா என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அவள் பெயர் எனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. நீ வேட்டியை மடித்துக் கட்டி, ரோட்டில் மல்லாந்து, காரின் பின்பக்கம் தலையை நுழைத்தாய். வெளியே உன் கால்கள் மட்டும். செருப்பில்லாத கால்கள். பெட்ரோல் நாற்றமும் சம்பங்கி நாற்றமும். நீ அங்கே ரொம்ப நேரம் கிடந்தாய். ஒரு கட்டை இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அவ்வளவு நேரம் எதற்கு?

எழுந்தபோது சட்டை முதுகெல்லாம் தார்ப்பொடி. நீ என்னைப் பார்க்கவில்லை, ஆரோக்கியத்தைப் பார்த்துச் சொன்னாய்.

"ஜமீன்தான். பின்னாடி எங்கியோ அடிபட்டு டிக்கி மாத்திகீறாங்க, அவ்ளோதான். அடியில தனித்தனியாதான் கீது. நீ சொன்னதுதான் கரெக்டு. இத்தினி நாளா நான் சொன்னது தப்பு. நான் தோத்துட்டேன்டா."

கூட்டம் கத்தியது. பேண்டு ஆரம்பித்தது. ஆரோக்கியம் கைக்குட்டையைத் தரையில் போட்டு ஒரு முட்டி போட்டுக் குனிந்து பார்த்தான். எழுந்தான். ஊரறிய ஜெயித்தவன், அவன் சிரிக்க வேண்டுமா இல்லையா? சிரிக்கவில்லை. கைக்குட்டையை உதறி மடித்துக்கொண்டே, "மாலையப் போடு மாமு, பையன் வேர்த்துகினு கீறான்" என்றான்.

அங்கேதான் எனக்குத் தட்டியது. சீலாவை வஞ்சிரம் என்று அடிபட்டும் சொன்னவன், ஜெயித்துவிட்ட வழக்கில் தோற்றேன் என்கிறான். ஜெயித்தவன் வாயைத் திறக்கவில்லை. ஆனால் என்ன செய்வது? நீ சொன்னால் கேட்கிறேன் என்று என் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. மாலையை உன் கையில் கொடுத்தேன்.

அதற்குப் பிறகும் நான் உன்னைக் கவனித்தேன். கையில் சோடா பாட்டிலோடு மாப்பிள்ளை அறைக்குப் போனாய். அங்கிருந்து பெண்ணின் அறைக்கு. மறுபடி மாப்பிள்ளை அறைக்கு. "இன்னாடா அலையிற?" என்றேன். "மாப்பிள்ளைக்கு வாயுவாம், சோடா கேக்குறாரு" என்றாய். பாட்டில் திறக்கவேயில்லை, கோலி அப்படியே கழுத்தில் நின்றது. அதையும் பார்த்தேன்.

மறுநாள் தாலி ஏறியது.

உன்னோடு நான் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கேள்வி கேட்க முடியாதே. ஆனால் அதற்கப்புறம் உன் தட்டில் நான் சூடான இட்லி வைத்ததில்லை, முந்தின ஈட்டில் மிஞ்சியதுதான். நீயும் கேட்காமல் தின்றாய். கேட்காமல் தின்கிறவனுக்குக் குற்றம் தெரிகிறது என்று எடுத்துக்கொண்டேன். வரிசையில் நின்றவர்கள் உன்னைத் 'தோத்த மாமு' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயருக்கும் நீ திரும்பிப் பார்த்தாய். ஆரோக்கியமும் நீயும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தீர்கள். கார் பேச்சு மட்டும் எழவில்லை. பழைய பேப்பர் கடையில் கார் படம் போட்ட இங்கிலீஷ் புத்தகங்களைப் பொறுக்கி வருவாயே, அதையும் விட்டுவிட்டாய். கஸ்தூரி மூத்தவளைச் சுமந்தபோது மாப்பிள்ளை அந்தக் காரை விற்றார். சாட்சியை விற்கிறார்கள் என்று நினைத்தேன்.

இதுவரை எனக்குத் தெரிந்தது. இனி நேற்று தெரிந்தது.

கஸ்தூரி பிள்ளைகளோடு லீவுக்கு வந்திருக்கிறாள். விளக்கு வைத்துவிட்டு உட்கார்ந்தோம். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தேரடியில் அந்தச் சம்பங்கி நாற்றம் பட்டதிலிருந்து எனக்குத் தலை கனத்துக் கிடந்தது. "உங்க மாமன் பொய் சொன்ன நாத்தம்டி அது. சாவுற வரைக்கும் உண்மைய சொல்லாம போயிட்டான்" என்றேன்.

அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உன்கிட்டதாம்மா பொய் சொல்லிச்சு. எங்கிட்ட இல்ல."

பிறகு சொன்னாள். அன்று மாலை போட்டு மாப்பிள்ளையை உள்ளே கூட்டிப் போனதும், நீ நேராக அவள் அறைக்குப் போய்க் கூட இருந்த பெண்களை வெளியே அனுப்பியிருக்கிறாய். "கஸ்தூரி, வண்டி ஜமீன் இல்ல, குமாஸ்தா. குறுக்க கட்டை கீது. வெளில நான் பொய் சொல்ட்டு வந்துகீறேன். உனக்கு வேணாம்னா சொல்லு, மைக்க வாங்கி நான்தான் பொய் சொன்னேன்னு சொல்லிடறேன். கட்டிக்கப் போறது நீ. உங்கம்மாவும் இல்ல, நானும் இல்ல" என்றாயாம்.

இருபது வயதுப் பெண் என்ன செய்வாள், அழுவாள் என்றுதானே நினைப்போம். அவள் உன்னை ஒன்று கேட்டிருக்கிறாள். "ஜமீன்னு அவரு சொன்னாரா, அவங்க அப்பா சொன்னாரா?" அது உனக்குத் தெரியவில்லை. அதற்குத்தான் சோடா.

மாப்பிள்ளை உன்னிடம் ஒளிக்கவில்லையாம். குமாஸ்தாதான், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மீஞ்சூர் பக்கத்தில் லாரி மோதி முன்பக்கம் போய்விட்டது. அதே மூக்கு கிடைக்கவில்லை. பழைய கார் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு ஜமீனின் மூக்கு கிடைத்தது, மாட்டினார். மாட்டிய நாளிலிருந்து அவர் அப்பா தெருவெல்லாம் ஜமீன் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். "நான் சொல்லல. ஆனா இல்லன்னும் சொல்லல" என்றாராம் மாப்பிள்ளை.

"அத வந்து சொல்றப்ப மாமா சிரிச்சிதும்மா," என்றாள் கஸ்தூரி. "'ஒரு ஓட்டை கூடப் புதுசா போடலயாம் கஸ்தூரி, அப்டியே போல்ட்டு ஒக்காந்துகினுச்சாம். நான் சொன்னதுதான் கரெக்டு'ன்னு. கல்யாணம் நிக்குமா நடக்குமான்னு நான் குலை நடுங்கிகினு கீறேன். அதுக்கு போல்ட்டு."

எனக்கு உன் முகம் தெரிந்தது தம்பி. ஊரில் ஒருவரிடமும் சொல்ல முடியாத வெற்றியை மணப்பெண்ணிடம் போய்ச் சொல்லியிருக்கிறாய்.

"நீ இன்னா சொன்ன?" என்றேன் அவளிடம்.

"இல்லன்னு சொல்லாததும் தப்புதான். இனிமே சொல்லுவாரான்னு கேட்டுகினு வா மாமான்னு அனுப்பினேன். சொல்லுவேன்னாரு. சரின்னுட்டேன்."

இதை நான் அப்படியே நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. செத்துப்போன மாமனுக்கு நல்ல பெயர் வாங்கித் தர மருமகள் கதை கட்டலாம். அவளுக்கு நீ என்றால் உயிர். அவள் உருவிய கீரையில் நான் காம்பு பொறுக்கினேன். அப்போதுதான் மாப்பிள்ளையின் அந்தக் கெட்ட பழக்கம் எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் அப்பா எதைப் பெரிதாகச் சொன்னாலும், எந்தச் சபையாக இருந்தாலும், குறுக்கே விழுந்து இல்லை என்பார். போன தீபாவளிக்குப் பேத்திக்கு ஆறு பவுனில் செயின் என்றார் சம்பந்தி. "இல்லப்பா, மூணு" என்றார் மாப்பிள்ளை, அத்தனை பேர் எதிரில். சம்பந்தி முகம் சுண்டிப்போனது. வஞ்சிரம் எண்ணூரில் இன்ன விலை என்று சம்பந்தி சொன்னால்கூட விடமாட்டார். பெற்ற அப்பனை மதிக்காத பிள்ளை, நாளைக்கு என்னையா மதிப்பான் என்று நான் இத்தனை வருஷம் கரித்துக் கொட்டியிருக்கிறேன். அது கஸ்தூரிக்குக் கொடுத்த வாக்காம்.

அதற்கு மேல் சந்தேகப்பட எனக்கு வழியில்லை. நானும் தேடித்தான் பார்த்தேன்.

இன்று காலை ஆரோக்கியம் கடைக்கு வந்தான். முடி நரைத்துவிட்டது அவனுக்கு, முதலாளி மாறிவிட்டார், ஜமீனும் மாறிவிட்டது. தட்டை வைத்துக்கொண்டே, "குறுக்க கட்டை இருந்துச்சாமே" என்றேன். பிட்ட இட்லி கையிலேயே நின்றது.

"யார் யக்கா சொன்னது?"

"நீ பாத்த இல்ல? குனிஞ்ச இல்ல?"

"பாத்தேன். தோத்தேன்னு சொல்றவனா அவன்? சொல்றான்னா வேற இன்னாவோ கீதுன்னு புரிஞ்சுகினேன். அதான் வாயத் தொறக்கல."

"ஏன்டா, என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"நிறுத்தியிருப்பேன்."

"அதான்," என்று சொல்லிவிட்டு அவன் சாம்பார் கேட்டான்.

நிறுத்தியிருப்பேன் தம்பி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். பொய் மூக்கு மாட்டிய காரில் வந்தவனுக்கு என் மகள் இல்லை. கஸ்தூரி நன்றாக இருக்கிறாள் என்பதற்காக நான் வார்த்தையை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஆனால் நேற்று படுக்கப் போகும்போது கஸ்தூரி இன்னொன்றும் சொன்னாள். அம்மாவிடம் பிறகாவது சொல்லிவிடலாமே என்று அவள் உன்னைக் கேட்டாளாம், மூத்தவள் பிறந்த சமயத்தில். வேண்டாம் என்றாயாம். "உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா, உனக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட தெரிஞ்சே குடுத்துட்டனேன்னு தன்னையே திட்டிக்கினு கெடக்கும். தெரியாம இருந்தா என்னைத் திட்டும். என்னைத் திட்டட்டும், எனக்குப் பழக்கம்தான்" என்றாயாம்.

"இன்னுமாம்மா மாமா மேல கோவம்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நைனா எனக்குச் செய்ததையே நீயும் செய்தாய் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். நைனா என்னைக் கேட்கவில்லை. நீ அவளைக் கேட்டாய். அந்த வித்தியாசம் எனக்குத் தெரிகிறது, தெரியாதவள் இல்லை. இருந்தாலும் என்னைக் கேட்கவில்லை. ஊரில் டிரைவரிலிருந்து மணப்பெண்வரை எல்லாருக்கும் தெரிந்த ஒன்று, பெற்றவளுக்கு மட்டும் தெரியவில்லை. அதை நான் விடுவதாக இல்லை.

நீ போனதிலிருந்து காலையில் அடுப்பு மூட்டும்போது உன்னை வாய்விட்டுத் திட்டுவது என் வழக்கம். நேற்றுவரை, "என்னை ஏமாத்திட்டியேடா" என்றுதான் திட்டினேன். இன்று காலையும் திட்டினேன். "என்கிட்டயும் சொல்லியிருக்கலாமேடா" என்று.